சிங்கப்பூரில் 'முழு வீடு' வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? 52,400 ரூபாய் போன கதை

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், ஹோட்டலா வீடா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். ஊர் வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். போனது 52,400 ரூபாய்.

நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. லிட்டில் இந்தியா பக்கம் ஹோட்டல் என்றால் இரண்டு அறை போட்டாக வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி. ஹாஸ்டல், கேப்ஸ்யூல் (பெட்டி மாதிரி அடுக்குப் படுக்கை) எல்லாம் மலிவுதான், ஆனால் முட்டி வலியோடு இருக்கிற அம்மாவை ஏணி ஏற்றிப் படுக்க வைக்க முடியுமா? அப்போதுதான் வீடுகளை நாள் வாடகைக்குக் காட்டும் ஒரு பெரிய செயலியில், ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) கண்ணில் பட்டது. இரண்டு படுக்கையறை, சமையலறை, வாஷிங் மெஷின். தங்கும் நாள் முழுக்கச் சேர்த்து 52,400.

வீட்டுக்காரர் தமிழிலேயே பதில் போட்டார். "வாங்கண்ணே, நம்ம ஆளுங்கதானே. லிஃப்ட் இருக்கு, அம்மாவுக்குக் கஷ்டமே இல்ல. கிச்சன்ல குக்கர்கூட வெச்சிருக்கேன்" என்று அடுப்பு மேல் குக்கர் இருக்கிற படத்தையும் அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அம்மா ரவையை வறுத்துப் பாக்கெட் போட்டு எடுத்துக்கொண்டார். பணத்தைச் செயலி வழியாகவே, கிரெடிட் கார்டில் கட்டினேன். வெளியே தனியாகக் கட்டி ஏமாந்த கேஸ் இல்லை இது.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கி போனைப் போட்டதும் முதல் மெசேஜ்: "செக்யூரிட்டி கேட்டா ஃபிரெண்ட் வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க. பெட்டி எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொண்டு போகாதீங்க." அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி, மலேசியாவின் ஜொகூரைச் சேர்ந்த தமிழர். வீட்டு எண்ணைச் சொன்னதுமே முகம் மாறிவிட்டது. "கோவிச்சுக்காதீங்கண்ணே, டூரிஸ்ட்டை உள்ள விட்டா எனக்கு வேலை போயிரும்" என்று பின்னால் இருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டினார். அங்கே சட்டம் அப்படி. தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். வீவக வீடு (அரசின் வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) என்றால் 6 மாதம், அதையும் சுற்றுலாப் பயணிக்குக் கொடுக்கவே கூடாது. 2018-லேயே இப்படி வீட்டை வாடகைக்கு விட்ட இரண்டு பேருக்குத் தலா 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த விளம்பரம் பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கிறது!

வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மெசேஜில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஜன்னல்கூட இல்லாத இரண்டு அறை, அன்றைய விலைக்கு. அந்தச் செலவை இந்த 52,400-இல் நான் சேர்க்கவே இல்லை.

அப்புறம் செயலியின் வாடிக்கையாளர் சேவை. முதலில் ஒரு ரோபோ, "உங்கள் சிரமம் புரிகிறது" என்றது. அடுத்து வந்தவர், "உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது விருந்தினர் பொறுப்பு" என்றார். சரி, அப்படியென்றால் அந்த விளம்பரத்தைப் போட்டுக் கமிஷன் வாங்குவது யார் பொறுப்பு? மூன்றாவதாக வந்தவர் சொன்னதுதான் உச்சம்: நாங்கள் வரவே இல்லை என்று வீட்டுக்காரர் பதிவு செய்துவிட்டாராம், வராதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடையாதாம். ஐந்து பேர் பெட்டியோடு கேட்டில் நிற்கிறோம், வரவில்லையாம்! மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "இந்தப் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று மெயில் வந்தது. 52,400 ரூபாய்க்கு ஒரே வரி.

எதை எடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சிங்கப்பூரில் சில நாள்தான் தங்கல் என்றால் உரிமம் உள்ள ஹோட்டல் அல்லது ஹாஸ்டல், அவ்வளவுதான். சமையலறை வேண்டும் என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட், ஆனால் அதற்கும் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். 'ஃபிரெண்ட் வீடுன்னு சொல்லுங்க' என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே ரத்து செய்யப் பாருங்கள். உள்ளே விடவில்லை என்றால் கேட்டிலேயே நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், நான் எடுக்கவில்லை என்பதைத்தான் செயலிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். கார்டு கொடுத்த வங்கியிலும் டிஸ்பியூட் போட்டாயிற்று. இந்த மாதிரி கேஸில் வங்கி வழியாகப் பணம் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்ன ஆதாரம் கேட்டார்கள் என்று கீழே சொல்லுங்கள்.