பாய்க்கப்பலில் ஒரு கோடை வாரம்: மெய்னா, வாடன் கடலா, மத்தியதரைக் கடலா?

பழைய பாணிப் பாய்க்கப்பலில் கோடை விடுமுறைக்குப் போகலாம் என்று தேட ஆரம்பித்தால், எல்லா விளம்பரப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளைப் பாய், நீலக் கடல், தளத்தில் கால் நீட்டிச் சாய்ந்திருக்கும் மனிதர்கள். படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், இந்தப் பயணங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்: இன்றிரவு கப்பல் எங்கே தங்கப்போகிறது என்பதை எது தீர்மானிக்கிறது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையோரம் அதைக் காற்று தீர்மானிக்கிறது. நெதர்லாந்தின் வாடன் கடலில் நீர் ஏறுவதும் வற்றுவதும் தீர்மானிக்கின்றன. மத்தியதரைக் கடலில் ஓடும் பெரிய பாய்க்கப்பல்களில் முன்கூட்டியே அச்சடித்த பயணத்திட்டம். துருக்கியின் குலெட் படகுகளை இதில் சேர்க்கவில்லை. மிக அழகான மரப்படகுகள்தான், ஆனால் பெரும்பாலும் இன்ஜினில் ஓடுகின்றன. பாய் விரிவதைப் பார்ப்பதே அபூர்வம்.

மெய்னிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே கேம்டன், ராக்லண்ட் என்ற இரண்டு சிறு துறைமுகங்களிலிருந்து ஸ்கூனர்கள், அதாவது இரண்டோ அதற்கு மேலோ பாய்மரம் கொண்ட பாய்க்கப்பல்கள், புறப்படுகின்றன. மரம், கருங்கல், விறகு, செங்கல் என்று சரக்கு ஏற்றிக் கரையோரமாக ஓடிய கப்பல்களின் வழி வந்தவை இவை. ரயிலும் லாரியும் வந்த பிறகு அவற்றில் பல வேலையில்லாமல் அழுகிக்கொண்டிருந்தன. 1936இல் ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்பவர் அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கேம்டனிலிருந்து விடுமுறைப் பயணிகளை ஏற்றிச் செல்ல ஆரம்பித்தார். அந்த யோசனைதான் இந்தக் கப்பல்களைக் காப்பாற்றியது. 1871இல் கட்டப்பட்ட லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச், அதே ஆண்டில் கட்டப்பட்ட ஸ்டீபன் டேபர் இரண்டும் இன்றும் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலில் போகின்றன. நூற்றைம்பது வயது தாண்டிய ஒரு மரக்கப்பல் இன்னும் தன் உழைப்பில் சாப்பிடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியான விஷயம்.

இந்த இரண்டிலுமே உள்ளே இன்ஜின் கிடையாது. காற்று செத்துப்போனால், கூடவே வரும் யால் என்ற சிறு மோட்டார் படகு கப்பலின் பின்புறத்தில் மூக்கை வைத்து முட்டித் தள்ளும். மற்ற நேரமெல்லாம் கேட்பது தண்ணீரும் கயிறும் எழுப்பும் சத்தம் மட்டுந்தான். இன்ஜின் அதிர்வு காலுக்கடியில் இல்லாமல் ஒரு பெரிய கப்பல் நகர்வதை ஒரு தடவை உணர்ந்தவர்களுக்கு மற்ற கப்பல்கள் கொஞ்சம் இரைச்சலாகத்தான் தோன்றும்.

பாய் ஏற்றுவது அங்கே பயணிகளின் கையில் இருக்கிறது. பெரிய பாயின் மேல்விளிம்பில் ஒரு நீண்ட கட்டை உண்டு. பாய்மரத்தை ஒட்டிய முனையைத் தூக்க ஒரு கயிறு, வெளிமுனையைத் தூக்க இன்னொரு கயிறு. ஆட்கள் கப்பலின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள். கட்டை கிடைமட்டமாகவே மேலே போக வேண்டும், அதனால் ஒரு பக்கம் வேகமாக இழுத்துவிட்டால் மேட் (கேப்டனுக்கு அடுத்தவர்) கையைக் காட்டி நிறுத்துவார், மறுபக்கம் எட்டிப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். முதலில் கயிறு லேசாக ஓடும், பாதிக்கு மேல் பாயின் கனம் முழுவதும் கைக்கு வந்துவிடும். உச்சிக்குப் போனதும் கயிற்றைக் கட்டிவிட்டு எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்ப்பார்கள். சரி, முதுகுவலி உள்ளவர் என்ன செய்வது? உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

பெனாப்ஸ்காட் விரிகுடாவில் தீவுகள் கொட்டிக் கிடக்கின்றன. பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழும். அது எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போய், சாயங்காலம் ஏதாவது ஒரு காயலில் நங்கூரம் போட்டுவிடுவார்கள். நார்த் ஹேவனின் புல்பிட் துறையா, ஸ்டோனிங்டனா, காஸ்டீனா என்பது காலையில் கேப்டனுக்கே முழுதாகத் தெரியாது. வழியெல்லாம் சிங்கி இறால் கூடுகளின் வண்ண மிதவைகள். ஒருநாள் மாலை ஏதாவது தீவின் கரையில் இறங்கி அந்த இறாலை அவித்துச் சாப்பிடுவது அங்கே கிட்டத்தட்ட சடங்கு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஜூன், ஜூலையில் மூடுபனி வந்தால் சில சமயம் நாள் முழுக்க எதுவும் தெரியாது. ஆகஸ்டிலும் கடல் குளிரும். குதித்தவர்கள் உடனே ஏறிவிடுவார்கள். கேபின் என்பது இரண்டு படுக்கையும் ஒரு ஆள் நிற்கும் இடமும். கழிப்பறையும் குளியலும் பொது. பக்கத்துக் கேபின்காரர் குறட்டை விட்டால் உங்களுக்குக் கேட்கும்.

மெய்னிலேயே இன்ஜின் உள்ள அமெரிக்கன் ஈகிள் என்ற ஸ்கூனரும் இருக்கிறது. 1930இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் மீன்பிடிக் கப்பலாகக் கட்டப்பட்டது. குளோஸ்டர் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைதான் நினைவுக்கு வரும். அங்கே நம் ஆட்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்ட, 1938இல் அதே குளோஸ்டர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. பாய்க்கப்பல் மரபு தமிழருக்கும் சொந்தமானதுதான். இந்தப் பயணங்களில் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

அடுத்து நெதர்லாந்து. பழைய சரக்குப் படகுகளைப் பயணிகளுக்காக மாற்றிய பெரிய கூட்டமே அங்கே இருக்கிறது. செம்பழுப்புப் பாய்களால் அதற்குப் பழுப்புக் கப்பற்படை என்று பெயர். ஹார்லிங்கன், என்க்ஹவுசன், ஹோர்ன் ஆகிய ஊர்கள்தான் முக்கியத் துறைகள். இந்தக் கப்பல்களின் அடிப்பகுதி தட்டை. ஆழமில்லாத நீரில் ஓடவே அப்படிக் கட்டினார்கள். பக்கவாட்டில் காற்றடித்தால் நழுவாமல் இருக்க, இரு புறமும் பெரிய இறக்கைபோல் பலகை தொங்கும். வேண்டும்போது இறக்கி, ஆழம் குறைந்தால் தூக்கிக்கொள்வார்கள்.

இங்கே இரண்டு விதமான நீர் உண்டு. 1932இல் அஃப்ஸ்லௌட்டைக் என்ற பெரிய அணையைக் கட்டிக் கடலை அடைத்ததால் உண்டான ஐசல்மீர் ஏரி ஒன்று. ஏற்றவற்றம் இல்லாத, சின்னப் பிள்ளைகளுக்கும் பயந்தவர்களுக்கும் ஏற்ற நீர். அணைக்கு அந்தப் பக்கம் வாடன் கடல். 2009 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். நான் சொல்ல வருவது இந்த இரண்டாவதைத்தான்.

வாடன் கடலின் சிறப்பு, கப்பலை வேண்டுமென்றே தரைதட்ட விடுவது. நீர் வற்றத் தொடங்கும் நேரத்தில், காற்று அமைதியாக இருந்தால், கேப்டன் ஒரு மணல்திட்டின் மேல் கப்பலை நிறுத்திவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விலகும். அடிப்பக்கம் மணலில் அமர்ந்ததும் அசைவு நின்றுபோகும். ஏணியை இறக்கினால் சற்று முன் கடலாக இருந்த இடத்தில் வெறுங்காலோடு நடக்கலாம். மண்புழுபோன்ற கடற்புழுக்கள் துப்பிய மணற்சுருள்கள் காலடியெங்கும் கிடக்கும். தூரத்தில் கடல்நாய்கள் (சீல்கள்) படுத்திருக்கும், கிட்டே போகக் கூடாது. சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பி வந்து கப்பலைத் தூக்கிவிடும். கிளம்பும் நேரம் காலை ஒன்பதா, விடியற்காலை நாலா என்பது உங்கள் விருப்பம் இல்லை, நிலாவின் விருப்பம். இதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஜூலை, ஆகஸ்டில் டெர்ஸ்கெல்லிங், ஃப்லீலண்ட் தீவுத் துறைமுகங்களில் நெருக்கடிதான். கப்பல்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக் கட்டியிருக்கும். கரைக்குப் போக நாலைந்து கப்பல்களின் தளத்தைக் கடந்து போக வேண்டும், இரவில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பாதுகாப்பு. 2016இல் ஹார்லிங்கன் அருகே ஒரு பழைய கப்பலின் பாய்மரம் முறிந்து விழுந்து ஜெர்மானியப் பயணிகள் மூவர் இறந்தார்கள். 2022இல் டெர்ஸ்கெல்லிங் அருகே பாயின் கீழ்க்கட்டை விழுந்து 12 வயதுச் சிறுமி இறந்தாள். பதிவு செய்யும்போதே கப்பலின் சான்றிதழ் செல்லுபடியாகிறதா, பாய்மரங்களைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல கேப்டன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மூன்றாவது, மத்தியதரைக் கடல். ஸ்டார் கிளிப்பர்ஸ் நிறுவனத்தின் ராயல் கிளிப்பர் 2000இல் பயணத்தைத் தொடங்கியது. 1902இல் ஜெர்மனியில் கட்டப்பட்ட பிரோய்சன் என்ற கப்பலை மாதிரியாகக் கொண்டது. 134 மீட்டர் நீளம், 5 பாய்மரங்கள், 42 பாய்கள், 227 பயணிகள். கோடையில் ரோமுக்கு அருகிலுள்ள சிவிடாவெக்கியாவிலிருந்து அமால்ஃபி கரை, சிசிலி என்று போகும். தனிக் குளியலறையுள்ள ஏசி கேபின், நீச்சல் குளம், உணவகம் எல்லாம் உண்டு. பாய்களை மின்மோட்டார் உதவியோடு மாலுமிகளே விரிக்கிறார்கள். நீங்கள் ஒரு கயிற்றையும் தொட வேண்டாம்.

பார்வைக்கு மூன்றிலும் இதுதான் பிரமாண்டம், சந்தேகமே இல்லை. கப்பலின் மூக்குக் கட்டைக்குக் கீழே கட்டிய வலையில் படுத்துக்கொண்டு, உடம்புக்கு நேர் கீழே கடல் கிழிபடுவதைப் பார்க்கலாம். ஆனால் நாளை காலை எட்டு மணிக்கு அடுத்த துறைமுகத்தில் நிற்க வேண்டுமே! கோடையில் இத்தாலியைச் சுற்றியுள்ள கடலில் காற்று பல நாள் மெலிந்துதான் இருக்கும். அப்போது இன்ஜின்தான் கப்பலைக் கொண்டுபோகும். பாய்க்கப்பலில் போகிறோம் என்ற எண்ணம் இரவில் கொஞ்சம் கலைந்துவிடும்.

சாப்பாட்டு விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். மெய்னில் பல கப்பல்களில் இன்றும் விறகடுப்பில்தான் சமையல். காலையில் அந்த அடுப்பில் சுட்ட ரொட்டியின் வாசனை படிக்கட்டு வழியாக மேலே வரும். சைவம் என்று முன்பே எழுதிச் சொன்னால் தனியாகச் செய்து தருவார்கள், இல்லையென்றால் இறால் அவிக்கும் நாளில் சோளக்கதிரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ராயல் கிளிப்பரில் பஃபே, பிறகு இரவில் மேசை விருந்து. வாடன் கடலில் பல கப்பல்களைக் குழுவாக எடுத்துக்கொண்டு நாமே சமைக்கலாம். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடியோடு ஏறிவிட்டால் பிரச்சினையே இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு கப்பலை எடுத்தால் தலைக்கு ஆகும் செலவும் மூன்றிலும் இதில்தான் குறையும். ஹார்லிங்கனில் ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது.

அப்பா அம்மாவை அழைத்துப் போவதென்றால், செங்குத்தான ஏணிப்படிகளை நினைத்துப் பார்த்து, ராயல் கிளிப்பரையே தேர்ந்தெடுப்பேன். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வாடன் கடல். மணலில் கப்பல் உட்காருவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. வேலையின் களைப்பு தீர வேண்டும், யாரும் எதையும் கேட்கக் கூடாது என்று தனியாகவோ துணையோடோ போகிறவர்களுக்கு மெய்ன், அதுவும் இன்ஜின் இல்லாத ஸ்கூனர். என் மனம் இதன் பக்கம்தான். அடுத்த துறைமுகம் எது என்று யாருக்கும் தெரியாத ஒரு நாளில்தான் கடிகாரம் பார்க்கும் பழக்கம் தானாக விடுகிறது.

மெய்னுக்கு ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் தொடக்கமும் நல்லது: மூடுபனி குறைவு, காற்று நிலையாக இருக்கும், ஆனால் இரவுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். வாடன் கடலுக்கு ஜூன். பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன். மெய்னுக்கும் வாடன் கடலுக்கும் சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். மடித்து வைக்கக்கூடிய துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கேபினில் பெட்டி வைக்க இடம் இருக்காது.