ரேஞ்சருக்கு எந்த முன் ஆக்சில்: டானா 30-ஆ, டானா 44-ஆ, ஃபோர்டு கொடுத்ததேவா?

அமெரிக்காவில் 1983 முதல் 1997 வரை விற்பனையான ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பை டூ வீல் டிரைவாக வைத்திருப்பவர், அதை ஃபோர் வீல் டிரைவாக மாற்ற நினைத்ததும் முதலில் கேட்பது ‘எந்த முன் ஆக்சில் போடலாம்?’ என்றுதான். டானா என்பது ஆக்சில் தயாரிக்கும் நிறுவனம், 30-உம் 44-உம் அதன் மாடல் எண்கள். ஆக்சில் எந்தக் காயலான் கடையிலும் கிடைத்துவிடும். இந்த வேலையில் ஆளை அலைய விடுவது கியர்பாக்ஸ். அதனால் ஆக்சில்களை ஒப்பிடுவதற்கு முன் அதைப் பேசிவிட வேண்டும்.

1988 முதல் ரேஞ்சரில் வந்த ஐந்து கியர் பெட்டி மாஸ்டா தயாரித்த எம்5ஓடி. எஞ்சினோடு சேரும் மணி வடிவ முன்பகுதி அதன் உடலோடு ஒரே வார்ப்பாக வருகிறது. கழற்றி வேறொன்றை மாட்ட முடியாது. ஆகவே 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு பெட்டி, 3.0 லிட்டருக்கு வேறொரு பெட்டி. 2.9, 4.0 லிட்டர் எஞ்சின்களின் போல்ட் துளைகள் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். டூ வீல் டிரைவ் பெட்டியின் பின்புறத்தில், முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் உட்கார இடமில்லை. உள்ளே பிரதான ஷாப்ட்டும் வேறு. பெட்டியைப் பிளந்து ஷாப்ட்டை மாற்றுவதைவிட, அதே எஞ்சின் வகையைச் சேர்ந்த ஃபோர் வீல் டிரைவ் ரேஞ்சரிலிருந்து முழுப் பெட்டியையும் டிரான்ஸ்பர் கேஸோடு எடுத்து வருவதே புத்திசாலித்தனம். நான்கு சிலிண்டர் ரேஞ்சர் வைத்திருப்பவர் இங்கேதான் திணறுவார்.

கிடைத்த பெட்டி மேசை மீது இருக்கும்போதே செய்துவிட வேண்டிய ஒரு சில்லறை வேலை உண்டு. மேல் மூடியின் பின்பக்கத்தில் கியர் தண்டுகளின் துளைகளை அடைக்கும் மூன்று ரப்பர் அடைப்பான்கள் காலப்போக்கில் காய்ந்து சுருங்கி எண்ணெயைக் கசிய விடும். பெட்டியில் எண்ணெய் குறைந்து தேய்ந்துபோன எம்5ஓடிகளில் பலவற்றுக்கு எமன் இதுதான். உலோக அடைப்பான் வாங்கி அடித்துவிட்டால் தீர்ந்தது. டிரான்ஸ்பர் கேஸ் போர்க்-வார்னர் 1354 என்றால், கையால் மாற்றும் லீவர் உள்ளதையே தேடுங்கள். பொத்தானை அழுத்தினால் மாறும் மின் வகைக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒயரிங், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து வரவேண்டும். லீவருக்குத் தரையில் ஒரு வழி விட்டால் போதும்.

இனி ஆக்சில்கள்.

ஃபோர்டு தன் ஃபோர் வீல் டிரைவ் ரேஞ்சருக்குப் போட்டது ஒரே தண்டான ஆக்சில் அல்ல. ட்வின் டிராக்ஷன் பீம் என்ற அமைப்பில் ஆக்சில் இரண்டு தனித்தனிக் கைகளாகப் பிரிந்திருக்கிறது. விசையை இரு சக்கரங்களுக்கும் பங்கிடும் டிஃபரன்ஷியல் இடக் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கையும் வண்டியின் மறுபக்கத்தில் மாட்டிய கீலில் ஆடுகிறது. டூ வீல் டிரைவ் ரேஞ்சரின் முன்பக்கமும் இதே குடும்பத்து இரட்டை ஐ-பீம்தான். சேஸி சட்டமும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது எஞ்சினுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டமும் கீல்களைத் தாங்கும் பிராக்கெட்டுகளும். ரிவெட்டுகளை அறுத்தெடுத்து, தானம் தரும் வண்டியின், அதாவது பாகங்களைக் கழற்றும் ஃபோர் வீல் டிரைவ் ரேஞ்சரின் பிராக்கெட்டுகளை போல்ட்டால் முடுக்கினால் இது உட்கார்ந்துவிடும். வெல்டிங் தெரியாதவருக்கு இதுவே எல்லை, மோசமான எல்லையும் அல்ல. தெற்குக் கலிபோர்னியப் பாலைவனத்தின் மேடுபள்ளங்களில் வேகமாகப் போகும்போது இந்தக் கைகள் நன்றாக உள்வாங்கும். ஆக்சிலைச் சக்கரத்தோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டும் ஹப் சக்கர மையத்தில் இருப்பதால் சாலையில் முன் ஷாப்ட் சும்மா இருக்கும்.

குறை என்னவென்றால், சக்கரம் ஏறி இறங்கும்போது கேம்பர் கோணமும், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவும், மாறிக்கொண்டே இருக்கும். வண்டியை உயர்த்தினால் கீல்களையும் அதே அளவு கீழே இறக்கியாக வேண்டும். இல்லையென்றால் டயரின் ஓரம் மட்டும் தேயும். ஆரம்பகால டானா 28 மெலிந்தது. 1990-இல் 4.0 லிட்டர் எஞ்சினோடு வந்த டானா 35 பரவாயில்லை.

டானா 30 என்றால் ஜீப் செரோக்கி எக்ஸ்ஜேயின் முன் ஆக்சில். ரேஞ்சருக்காகவே யாரோ அளவெடுத்தது போல இருக்கும் என்று சொல்லத் தோன்றும். டிஃபரன்ஷியல் ஓட்டுநர் பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில் இருக்கிறது. ரேஞ்சரின் டிரான்ஸ்பர் கேஸும் முன் ஷாப்ட்டை அதே பக்கத்தில்தான் வெளியே விடுகிறது. சக்கரத்துக்கு ஐந்து போல்ட், நாலரை அங்குல வட்டம், ரேஞ்சருக்கும் அதே. காயில் ஸ்பிரிங் தாங்கிகளும் இணைப்புக் கைகளின் பிராக்கெட்டுகளும் தொழிற்சாலையிலேயே ஆக்சிலில் வந்துவிடுகின்றன. ஸ்டியரிங் இணைப்பும் இரு வண்டிகளிலும் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடுவதுதான்.

எல்லா டானா 30-உம் ஒன்றல்ல. 1991 வரையிலானவற்றில் வலப்பக்க ஷாப்ட் இரண்டு துண்டாக இருக்கும். வெற்றிடக் குழாயால் இயங்கும் இணைப்பான் அவற்றைச் சேர்க்கும், சில நாள் சேர்க்காது. 1992 முதல் ஒரே ஷாப்ட். 1990-களின் நடுவில் கிராஸ் ஜாயிண்ட்டும் பெரிதானது. கடைசி ஆண்டுகளில், முன் ஷாப்ட் வந்து சேரும் சிறு பற்சக்கரமான பினியன் தாழ்ந்துவிட்டது. உயர்த்திய வண்டியில் பினியன் மேலே இருந்தால்தான் முன் ஷாப்ட் அதிகம் சரியாமல் ஓடும். ஆகவே காயலான் கடைக்குப் போனால் 1995 முதல் 1998 வரையிலான செரோக்கியைத் தேடுங்கள்.

பின்னால் என்ன போடுவது என்பதற்கும் இங்கே விடை ஒட்டிக்கொண்டே வருகிறது. 4.0 லிட்டர் ஆட்டோமேட்டிக் செரோக்கியின் கிரவுன் பினியன் விகிதம் 3.55, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாப்ட் 3.55 முறை சுற்றும். ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குலப் பின் ஆக்சிலும் 3.55-இல் தாராளமாகக் கிடைக்கும். அகலம் இரண்டுக்கும் ஏறக்குறைய 60 அங்குலம், போல்ட் வட்டமும் ஒன்று. 1995 முதல் வந்த எக்ஸ்புளோரர் என்றால் பின்னால் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்து வரும். ஒரே ஒரு வேலை உண்டு: ஸ்பிரிங் பட்டைகள் எக்ஸ்புளோரரில் ஆக்சிலுக்குக் கீழே போகின்றன, ரேஞ்சரில் மேலே. அதனால் பழைய தாங்கிகளை அறுத்து, புதியவற்றை மேல்பக்கத்தில் வெல்டு வைக்க வேண்டும்.

ரேஞ்சரின் சொந்தப் பின் ஆக்சில் 3.45 விகிதத்தில் இருந்தால், ‘3.55-க்குப் பக்கம்தானே’ என்று விட்டுவிடத் தோன்றும். கூடாது. கிட்டத்தட்ட மூன்று சதவீத வேறுபாடு. மணலில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். பிடிப்புள்ள தரையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். அந்த முறுக்கம் டிரான்ஸ்பர் கேஸில் போய் இறங்கும்.

உண்மையான உழைப்பு சேஸியில் இருக்கிறது. எஞ்சினுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தை அறுத்துவிட்டு, ஆக்சில் மேலெழும்ப இடம்விட்டு வேறொன்று செய்ய வேண்டும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் தண்டு, ஸ்டியரிங் இழுதண்டு இரண்டும் ஒரே கோணத்தில், முடிந்தவரை ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். கோணம் பிசகினால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நீங்கள் திருப்பாமலேயே வண்டி திரும்பும். ஆக்சில் அழகாக மாட்டப்பட்டும் நெடுஞ்சாலையில் ஓட்டப் பயமாக இருக்கும் வண்டிகளைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டு தண்டுகளைத்தான் பழிக்க வேண்டும். பான்ஹார்ட்டின் சேஸி முனையை ஸ்டியரிங் பாக்ஸுக்கு அருகிலேயே வைத்துவிட்டுப் பிறகு மற்றதை யோசிப்பது நல்லது.

டானா 30-க்கும் எல்லை உண்டு. டிஃபரன்ஷியலுக்குள் உள்ள பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் 7.2 அங்குலம்தான். 33 அங்குல டயர் வரை, கொஞ்சம் நிதானத்தோடு ஓட்டினால், பிரச்சினை தராது. பூட்டும் ஹப் இல்லை என்பதால் முன் ஷாப்ட் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். இதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை.

டானா 44-க்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் 8.5 அங்குல கிரவுன் வீலைக் காட்டுவார்கள். ரூபிகான் பாதை போன்ற பாறை வழிகளில் 35 அங்குல டயரோடு ஊர்ந்து ஏறுவதுதான் நோக்கம் என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் எந்த 44? 1970-களின் பழைய பிராங்கோவில் வந்தது அகலத்தில் ரேஞ்சருக்குப் பொருந்தும், டிஃபரன்ஷியலும் இடப்பக்கம். அதைப் பழைய பிராங்கோவைப் புதுப்பிக்கிறவர்கள் விட்டுவைப்பதில்லை, விலையும் அவர்கள் வைத்ததே. 1976-க்கு முந்தையது என்றால் டிரம் பிரேக். 1978-79 எஃப்-150, பெரிய பிராங்கோவில் வந்தது பினியன் உயர்ந்தது, முரட்டு வலிமை. ஆனால் ரேஞ்சரின் ஃபெண்டரைத் தாண்டி டயர் வெளியே நிற்கும். ஆக்சிலைச் சேஸியோடு பிணைக்கும் ஆரக்கைகளை (ரேடியஸ் ஆர்ம்) பிடிக்கும் ஆப்புகள் குழாயோடு வார்த்தவை. வேறு அமைப்புக்குப் போவதென்றால் அவற்றைச் செதுக்கித் தள்ள வேண்டும். இரண்டுக்குமே போல்ட் வட்டம் ஐந்தரை அங்குலம் என்பதால் பின் ஆக்சிலும் அதற்கேற்ப மாற வேண்டும். நூறு குதிரைத்திறன் அளவே உள்ள 2.3 லிட்டர் எஞ்சினின் முன்னால் இத்தனை இரும்பைக் கட்டித் தொங்கவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. தானம் தரும் ஃபோர் வீல் டிரைவ் ரேஞ்சரை முழுதாக வாங்கி, அதன் சேஸியில் உங்கள் கேபினை இறக்குவது. துரு தின்ற கேபினும் நல்ல சேஸியும் உள்ள வண்டி கிடைத்தால் மட்டும் இதில் பொருள் இருக்கிறது. கிடைத்த வண்டி ஓடும் நிலையில் இருந்தால் அதையே ஓட்டுங்கள், உங்களுடையதை விற்றுவிடுங்கள். பணக்கணக்கு மட்டும் பார்த்தால் இதை எந்த மாற்றமும் வெல்லாது. அதிலேயே டானா 30 போடலாம். கியர்பாக்ஸ் தேடும் படலம் முழுவதும் கழிந்துவிடும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினோடுதான் செய்வேன் என்பவருக்கு 3.55 விகிதம் பெரிய டயரோடு சோம்பலாக இருக்கும். 2.5 லிட்டர் எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள செரோக்கியின் டானா 30 4.10 விகிதத்தில் வரும், எக்ஸ்புளோரரின் 8.8-உம் 4.10-இல் உண்டு. தேட நாளாகும். ஆனால் கிரவுன் பினியனைப் பிறகு மாற்றும் கூலி மிச்சம்.

1998 முதல் வந்த ரேஞ்சருக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அப்போது ஐ-பீமும் டிராக்ஷன் பீமும் போய், சாதாரண டூ வீல் டிரைவ் வண்டிக்குக் காயில் ஸ்பிரிங்கும் ஃபோர் வீல் டிரைவுக்கு முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரும் வந்தன. அவற்றில் 2001 முதல் வந்த எட்ஜ் என்ற வகை மட்டும் டூ வீல் டிரைவாக இருந்தாலும் ஃபோர் வீல் டிரைவின் டார்ஷன் பார் சேஸியில் நிற்கிறது. எட்ஜ் வைத்திருப்பவர் வெல்டிங் இயந்திரத்தைத் தொடும் முன், ஃபோர்டின் சொந்த முன்பக்கத்தை அப்படியே மாட்டி ஓட்டிப் பார்க்கலாம்.