பாறை இடுக்கும் என் பிஎஸ்5-உம்

போன வாரம் என் பிஎஸ்5-ஐ, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோலை, தூசி தட்ட பர்மா பஜாருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தண்டையார்பேட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் பாதி அதன் வயிற்றில்தான் இருந்தது. கடையில் காத்திருக்கும்போது நண்பனின் போன்: "மச்சான், புது கன்சோல் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஆனா முதல்ல வந்த கேமெல்லாம் பழசு மாதிரியே தெரியுது. பவர் இல்லையோ?"

2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வாங்கிய அன்று ராத்திரி நானும் இதையேதான் கேட்டுக்கொண்டேன். முதலில் போட்டது மைல்ஸ் மொராலஸ் என்ற ஸ்பைடர்-மேன் கேம். அது பழைய பிஎஸ்4-லும் ஓடும். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்கிட்ட இருக்கிற அதே கேம்தானே அண்ணா?" என்றான். அப்புறம் எனக்குத் தூக்கம் வருமா?

2022-இல் காட் ஆஃப் வார் ராக்னராக், அதுவும் ரெண்டு மெஷினிலும் ஓடும். நல்ல கேம், குறை சொல்ல மனசு வராது. ஆனால் அந்தப் பாறை இடுக்கு! கதாநாயகன் க்ராடோஸ் உடம்பை ஒருக்களித்து, அங்குலம் அங்குலமாக நகர்வார். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் எதிரே மீன்பாடி வண்டி வந்தால் நாம் சுவரோடு ஒட்டிப் போவோமே, அப்படி. இந்த மாதிரி இடுக்குகள் பெரும்பாலும் லோடிங்கை மறைக்கும் ஏற்பாடு. ஆள் நகர்வதற்குள் அடுத்த இடம் மெமரிக்கு வந்தாக வேண்டும். பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தாலே பெரிய விஷயம். பிஎஸ்5-இல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி இழுக்கும். ஆனால் ரெண்டிலும் ஓட வேண்டிய கேம் என்றால் பழைய வண்டியின் வேகத்துக்குத்தானே பாதை போட முடியும்? ஒவ்வொரு இடுக்கிலும் எனக்குக் கொதித்தது.

2023-இல் பிஎஸ்5-க்கு மட்டும் என்று வந்தது ஸ்பைடர்-மேன் 2. மேப்பில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்தால், விரலை எடுப்பதற்குள் ஸ்பைடர்-மேன் அங்கே ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கிறான். லோடிங் படமே கிடையாது. டப்பா என்னவோ அதே டப்பாதான். பிஎஸ்2-வும் அப்படித்தான்: 2000-இல் வந்த மெஷின், அதன் பலத்தைக் காட்டிய முதல் காட் ஆஃப் வார் வந்தது 2005-இல்.

வெட்கக்கேடு என்னவென்றால், பிஎஸ்5 என்ன செய்யும் என்று காட்டிய கேம் முதல் நாளே உள்ளே இருந்தது. ஆஸ்ட்ரோஸ் பிளேரூம், இலவசம். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தொடவே இல்லை. ஒருநாள் அக்கா பையன் கன்ட்ரோலரை என் கையில் திணித்து, "மாமா, மணல் மாமா" என்றான். குட்டி ரோபோ மணலில் நடக்க நடக்க கன்ட்ரோலர் அதிர்ந்து உள்ளங்கையில் நறநறவென்றது. காசிமேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த மாதிரியே.

கடைக்காரர் பக்கவாட்டு மூடியை மாட்டி ஓடவிட்டுக் காட்டினார். சத்தமே இல்லை. நண்பனைத் திரும்பக் கூப்பிட்டு, முதல் கேமை வைத்து எடை போடாதே, மெஷின் நல்லதாகத்தான் இருக்கும் என்றேன்.

"அப்போ வாங்கிடவா?"

"வேணாம். ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கு. நான் இடுக்குல நுழைஞ்சதே போதும்."