ஏறுகிற வண்டிக்கு வழி

கோயம்புத்தூரில் விமானம் இறங்கியபோது மச்சான் போன் செய்தார். கார் அனுப்பவா, அது மலை ஏற இ-பாஸ் போட்டுவிடவா என்று கேட்டார். வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்றேன். "ரெண்டு பெட்டி, அதுவும் மே மாசம், சனிக்கிழமை. உனக்குக் கிறுக்கு" என்று வைத்துவிட்டார்.

கிறுக்குதான். பிரிஸ்பேனில் பதினோரு வருடமாக பஸ் ஓட்டிச் சாப்பிடுகிறவன் நான். ஊருக்கு வந்தால் இன்னொருத்தர் ஓட்ட, முன் வரிசையில் உட்கார்ந்து குன்னூர் மலைப்பாதையில் ஏற வேண்டும். அது இல்லாவிட்டால் எனக்கு ஊருக்கு வந்த மாதிரியே இருக்காது. மேட்டுப்பாளையத்தில் ஒன்பது மணி ஊட்டி பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெட்டிகளை இன்ஜின் பக்கம் சரித்து வைத்துக்கொள்ள கண்டக்டர் விட்டார். டிக்கெட் மெஷினில் ஸ்கேன் செய்து பணம் கட்டலாம் என்றார். என் ஆஸ்திரேலியப் போனில் அதெல்லாம் இல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கித் தந்தார். அந்தப் பழக்கம் மாறவில்லை.

கல்லாரில் கார்கள் வரிசையாக நின்றன. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால், வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. 2025 சீசனுக்கு எண்ணிக்கையும் கட்டிவிட்டார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் பாஸ் தேவையில்லை. அதனால் எங்கள் பஸ் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஒதுங்கி, நிற்காமல் போனது. ஏசிக்குள் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நம் ஊரில் கார்க்காரர் காத்திருக்க பஸ்காரர் முந்திப் போனதை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். மனதுக்குள் ஒரு விசில் அடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் பர்லியாறு வரைதான். அங்கே டீக்கு நிறுத்தினார்கள். மங்குஸ்தான் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது, விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நானும் பஸ் ஓட்டுகிறவன்தான் என்று சொன்னதும் டிரைவர் அண்ணன் என் கையைப் பிடித்துப் பார்த்தார், காய்ப்பு இருக்கிறதா என்று. இல்லை. "பவர் ஸ்டீரிங்கும் ஆட்டோமேட்டிக்குமா? அப்ப அது வண்டி ஓட்டுறதுங்களா தம்பி, உக்காந்து போறதுங்களா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. அந்தப் பாதையில் மொத்தம் பதினான்கு. பஸ் வளைய ரோட்டின் முழு அகலமும் வேண்டும். மேலிருந்து இறங்குகிறவன் வளைவுக்கு முன்னாலேயே நின்றால் எல்லாருக்கும் பத்து விநாடி வேலை. ஒரு வெள்ளைக் கார் மூக்கை உள்ளே விட்டுவிட்டது, அதன் பின்னால் இன்னும் நான்கு. யாரும் பின்வாங்க முடியாது. கடைசியில் ஐம்பது பேரோடு எங்கள் பஸ்தான் சரிவில் பின்னால் வந்தது. கண்டக்டர் இறங்கி விசிலடிக்க, டிரைவர் கண்ணாடியைப் பார்த்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஏறுற வண்டிக்குத்தாங்க வழி விடணும். லைசென்ஸ் வாங்கறப்ப படிச்சிருப்பாங்க, மறந்திருப்பாங்க" என்றார், அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியைத்தான் பயணம் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். மலைப்பாதையில் இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும், ஏறுகிறவனுக்கு முதல் வழி என்பது இங்கே வழக்கம் மட்டுமில்லை, சாலை விதியே அதுதான். யாருக்கு நின்று கிளம்புவது கஷ்டமோ அவருக்கு முன்னுரிமை. பிரிஸ்பேனில் பஸ்வே என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதன் அடிப்படையும் இதே நியாயந்தான்.

2000, 2001-ல் அங்கே தென்கிழக்குப் பக்கம் பஸ்ஸுக்கென்றே தனிச் சாலை திறந்தார்கள். பாலம், சுரங்கம், ரயில் நிலையம் மாதிரி நிறுத்தங்கள், பக்கத்து நெடுஞ்சாலையில் கார்கள் தேங்கி நிற்க நாங்கள் ஓடுவோம். இதைச் சொன்னால் ஊரில் எல்லாரும் கான்கிரீட்டைத்தான் கேட்கிறார்கள், எத்தனை கோடி என்று. நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பஸ்வே நகருக்குள் நுழையும் இடத்தில் விக்டோரியா பாலம் இருக்கிறது. அங்கே புதிதாகச் சாலை போட இடமே இல்லை. 2021 ஜனவரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பாலத்தில் கார் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸும் சைக்கிளும் நடக்கிறவர்களும் மட்டும். பாலம் அதே பாலம்தான்.

நம் நாட்டில் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய ஜன்மார்க் என்ற பஸ் சேவை, சாலை நடுவே தனித்தடத்தில் இன்றும் ஓடுகிறது. டெல்லியில் 2008-ல் பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டார்கள். கார்க்காரர்களுக்கு ஆத்திரம், கோர்ட் வரை போனார்கள், 2016-ல் இடித்தே விட்டார்கள். இருந்த சாலையைப் பங்கு பிரிக்கும்போது சண்டை வராமல் இருக்காது.

குன்னூர் போய்ச் சேர்ந்தோம். கல்லாரிலிருந்து அதுவரை நின்ற நேரத்தை மட்டும் கைக்கடிகாரத்தில் எண்ணியிருந்தேன், டீக்கு நின்றது சேர்க்காமல் முப்பத்தொரு நிமிடம். தொழில் புத்தி. இதில் கடைசிப் பத்து நிமிடம் பஸ் ஸ்டாண்டைத் தொடும் தூரத்தில், ரயில்வே கேட்டில். மலை ரயில் வருகிறதாம். 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில். கேட் திறந்ததும் இரண்டு பக்கத்துக் கார்களும் ஒரே நேரத்தில் பாய, நடுவில் எங்கள் பஸ் யானை மாதிரி நின்றது. அந்த இடத்தில் ஒரே ஒரு போலீஸ்காரர், முதலில் பஸ்ஸை விடு என்று ஒரே ஒரு உத்தரவு, அது போதும். ஒரு மூட்டை சிமெண்ட்கூட வேண்டாம்.

அம்மா இருப்பது சேலாஸ் தாண்டி, கொலக்கம்பைப் பக்கம். அங்கே போனால் இந்த நிமிடக் கணக்கெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகிவிடுகிறது.

மகளிர் இலவசப் பயணம் 2024-ல் மலைப் பகுதிக்கும் வந்ததில் அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். கட்டணமில்லா டிக்கெட்டுகளை மடித்து மணிபர்சில் சேர்த்து வைத்திருக்கிறாள், எதற்கென்று கேட்டால் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவளைக் கண் பரிசோதனைக்குக் குன்னூர் கூட்டிப்போக வேண்டும். ஏழு இருபது பஸ் என்றார்கள். ஏழு மணிக்கே நின்றோம். தேயிலை பறிக்கப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், காய்கறி மூட்டையோடு ஒருவர். ஏழு இருபது போனது, எட்டு ஆனது. வராது என்று சொல்ல அங்கே யாருமில்லை, நிழற்குடையில் நேர அட்டவணைகூட இல்லை. எட்டேகாலுக்கு ஒரு ஜீப் வந்தது, ஆளுக்கு நாற்பது ரூபாய், பதினான்கு பேர்.

"ஓசி டிக்கெட்டு இருக்குது கண்ணு, பஸ்சுதான் இல்ல" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரிஸ்பேனில் 2024 ஆகஸ்ட் முதல் எங்கே போனாலும் ஐம்பது சென்ட்தான் கட்டணம். கட்டணம் குறைந்தால் மக்கள் ஏறுவார்கள் என்பது உண்மை, நானே என் கண்ணாடியில் பார்க்கிறேன். ஆனால் அங்கே முதலில் பஸ் இருந்தது. அடுத்தது எப்போது வரும் என்று நிறுத்தத்திலும் போனிலும் தெரியும். 2025 ஜனவரியில் மூன்று பெட்டி கோத்த மின்சார பஸ்கூட விட்டிருக்கிறார்கள், அதை இன்னும் நான் தொடவில்லை. எங்கள் ஊர் வளைவுகளில் அது ஒன்றுக்கும் ஆகாது. இங்கே வேண்டியது குட்டை பஸ், அதிக நடை, சொன்ன நேரம். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் வீண்.

ஊட்டிக்கு ஒருநாள் போனேன். சீசனுக்காகச் சுற்றுப் பேருந்து விட்டிருந்தார்கள். வெளியூர்க் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்கத் தாவரவியல் பூங்கா, படகு இல்லம் என்று ஏறி இறங்கலாம். நல்ல ஏற்பாடு, கூட்டமும் இருந்தது. சேரிங் கிராசில் மட்டும் அதுவும் மற்ற கார்களோடு கார்களாக நின்றது. ஜூன் முடிந்தால் இதை எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்னார்.

சாக்லேட் கடைக்காரர் ஒருவரிடம் பேசினேன். வண்டிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி மாவட்டம் முழுக்கக் கடையடைத்தவர்களில் அவரும் ஒருவர். "கார் வந்தாத்தானே சார் நாலு கிலோ வாங்குவாங்க, பஸ்ஸுல வர்றவங்க நூறு கிராம் வாங்குவாங்க." அவர் கணக்கு அவருக்கு. கார்களை மட்டும் குறைத்துவிட்டு, அந்த ஆட்களை ஏற்றிவர பஸ் கூட்டாவிட்டால் அவர் சொல்வதுதான் நடக்கும் என்றும் தோன்றியது. செக்போஸ்ட், டீக்கடை எங்கே நின்றாலும் பேச்சு எட்டாயிரம் காரைப் பற்றித்தான். இன்று எத்தனை பஸ் ஏறியது, அதில் எத்தனை சீட்டு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

திரும்பும்போது கோத்தகிரி வழி பஸ். சீசனில் சுற்றுலா வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி இந்த வழியாக இறக்குகிறார்கள், அதனால் எதிரே மூக்கை விடுகிறவர்கள் குறைவு. ஏறும்போது எந்த கியரோ அதே கியரில், பிரேக்கை மிதிக்காமல், இன்ஜினைக் கட்டியே இறக்கினார் இந்த டிரைவர். குஞ்சப்பனை தாண்டி இருபது நிமிடம் நின்றோம். பலாப்பழ வாசனைக்கு வந்த யானை, குட்டியோடு. பஸ், கார், லாரி எல்லாம் விளக்கை அணைத்துவிட்டு நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

பிரிஸ்பேன் வந்து மூன்று வாரமாகிறது. காலை டூட்டிக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குப் போன் போடுகிறேன், அங்கே இன்னும் விடிந்திருக்காது. முந்தின நாள் கணக்கைத்தான் முதலில் கேட்பேன்.

"ஏழு இருபது வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. எட்டு மணிக்கு."