ஆஸ்மோகோட் 14-14-14: மாடித்தோட்டத்தில் பாதி அளவு போதும்

நாட்டுத் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று மூன்று நான்கு மாதம் பையில் நிற்கும் செடிகளுக்கு ஆஸ்மோகோட் நன்றாக உதவும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் தலா 14 சதவீதம் உள்ள, மெதுவாகக் கசியும் குருணை உரம் இது. கீரைக்கு வாங்க வேண்டாம். சிறுகீரை 25 நாளில் அறுவடையாகிவிடும். போட்ட சத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

உரக் குருணையின் மேல் மெல்லிய பிசின் தோல் இருக்கிறது. ஈரம் உள்ளே புகுந்து உப்பைக் கரைக்க, கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. சூடு கூடினால் கசிவும் கூடும். சிக்கலே இங்கேதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் '3-4 மாதம்' 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நம் ஊர் மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் பைக்குள் இருக்கும் கலவை அதைவிட எவ்வளவோ சூடாகும், கறுப்புப் பை என்றால் சொல்லவே வேண்டாம். உரம் சீக்கிரம் தீர்வது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், சத்து மொத்தமாக இறங்கி இலை நுனி கருகுவது. தண்ணீர் விட்டு அலசினாலும் உருண்டைகள் மறுபடி கசிந்துகொண்டேதான் இருக்கும். ஒருமுறை கலந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் கோடையில் லிட்டர் கலவைக்கு 1.5 கிராம், மழைக்காலத்தில் 2.5 கிராம் போதும். 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள வட்டப் பையில், மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். கோடையில் 27 கிராம், மழைக்காலத்தில் 45 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். மேலாகத் தூவினால் உருண்டைகள் காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றும்போது நகர்ந்து ஓரம் ஒதுங்கும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே, கையால் மெதுவாகக் கலக்க வேண்டும். மண்வெட்டியால் கிளறினால் தோல் உடைந்து, உள்ளே இருப்பது ஒரே நாளில் இறங்கிவிடும். உரம் கலந்த ஈரக் கலவையை மூட்டை கட்டி வைப்பதும் தவறு, செடி இல்லாமலே உப்பு சேரும்.

இதில் சுண்ணாம்புச்சத்து சொல்லும்படி கிடையாது. கொக்கோபிட் (தென்னை நார்த் தூள்) அதிகமுள்ள கலவை இருக்கும் சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளியின் அடி கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் மறப்பது இன்னொன்று. காய்க்கும் பருவத்தில் தக்காளி சாம்பல்சத்தைக் கூடுதலாகக் கேட்கும். மூன்றும் சமமாக உள்ள இந்த ரகம் அங்கே கொஞ்சம் பின்தங்குகிறது.

எடைக்கு எடை வேப்பம்புண்ணாக்கைவிடப் பல மடங்கு விலை. பத்து நாள் முன்பே பைக்கு 50 கிராம் புண்ணாக்கைக் கலந்து ஈரமாக வைத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே மலிவு. ஆனால் அதில் தழைச்சத்து ஐந்து சதவீதம்கூட அரிது, மணியும் சாம்பலும் இன்னும் குறைவு.

பெயரில்லாத ஜிப் கவரில் வாங்கினால் சோதித்துப் பாருங்கள். பத்து உருண்டையை டம்ளர் தண்ணீரில் போட்டு மறுநாள் காலையில் விரலால் நசுக்குங்கள். கரைந்தோ மாவாகவோ போனால் சாயம் ஏற்றிய சாதாரணக் குருணை. தோலோடு முழு உருண்டையாக நின்றால் பிசின் தோல் பூசிய உரம்தான். இதே நசுக்கல் இரண்டாம் மாதமும் உதவும்: பையில் இருந்து எடுத்த உருண்டையில் வெறும் தண்ணீர் மட்டும் பிதுங்கினால் உரம் தீர்ந்துவிட்டது, கூடு மட்டும்தான் மிச்சம்.