லினக்ஸ் முரண்டு பிடிக்கும்போது: ஃபார்மட்டா, டைம்ஷிஃப்டா, லாகா, யாரோ தந்த கட்டளையா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, தருமபுரியில் என்னிடம் வரும் பழைய மடிக்கணினிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பெங்களூரு நிறுவனங்கள் கழித்துவிட்டு, ஓசூர் வழியாகக் கைமாறி வந்தவை சில; அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் சில. (2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது, நான் போன வீடுகளில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை.) விண்டோஸ் 11 ஏற்காத இந்தக் கணினிகளில் இலவச இயங்குதளமான லினக்ஸின் மின்ட்டோ உபுண்டுவோ வகையைப் போட்டுக்கொண்டவர்கள், முதல் சிக்கல் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஃபார்மட் போட்டுடலாமா?"

அந்தக் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஃபார்மட் என்பது எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய வழி; மற்றவை அப்படியல்ல. ஆயினும் லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது ஒன்று. டைம்ஷிஃப்ட் என்ற செயலி எடுத்து வைத்த பழைய நிலைக்கோ, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புக்கோ திரும்பிப் போவது இரண்டாவது. கணினி தானே எழுதி வைத்திருக்கும் பதிவுகளை, அதாவது லாகுகளை, வாசித்துக் காரணத்தைத் தேடுவது மூன்றாவது. இணையத்திலோ, நண்பரிடமோ, இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடலியிடமோ கேட்டு வாங்கிய கட்டளையை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஒட்டுவது நான்காவது. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நான்கில் இரண்டு தாமாகவே விலகிவிடும்.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். சிக்கல் முதல் நாளிலிருந்தே இருக்கிறதா, நேற்றுவரை சரியாக இருந்து இன்று முளைத்ததா என்பது முதல் கேள்வி. நிறுவுவதற்குப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கினால் அங்கும் அதே சிக்கல் வருகிறதா என்பது இரண்டாவது. அங்கும் வந்தால் வன்பொருளையோ, அதை இயக்கும் நிரலான டிரைவரையோ, கெர்னலையோ சந்தேகிக்க வேண்டும். வராவிட்டால், நிறுவிய பிறகு ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிடச் சோதனை இது. இதைச் செய்யாமல் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அலைக்கழிகிறார்கள்.

ஃபார்மட்

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து வந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று முறை ஃபார்மட் போட்டிருந்தார்: முதலில் ஒரு வகை லினக்ஸ், பிறகு இன்னொன்று, மறுபடியும் பழையது. மூன்றிலும் வைஃபை வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. அவருடைய கணினியில் இருந்த வைஃபை சில்லுக்கான டிரைவர், உரிமக் கட்டுப்பாடு காரணமாகக் கெர்னலோடு சேர்ந்து வராத வகையைச் சேர்ந்தது. ஆகவே எத்தனை முறை நிறுவினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைப்பேசி அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கியதும் கணினிக்கு இணையம் கிடைத்துவிட்டது. பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைத்ததைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. இணையமே இல்லாத இடத்தில், டிரைவர் மேனேஜர் நிறுவல் பென்டிரைவிலிருந்தும் அந்தத் தொகுப்பை எடுத்துக்கொள்ளும். பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கு இதுவே வழி.

இந்த இடத்தில் புதியவர்களைத் தடுக்கிவிழச் செய்யும் இன்னொரு படியும் உண்டு. கணினி எழும்போது ஒப்புதல் பெற்ற மென்பொருளை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து வரும் டிரைவரை ஏற்பதற்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். அடுத்த முறை கணினி எழும்போது நீல நிறத் திரை ஒன்று வந்து, சாவியைப் பதிவு செய்யலாமா என்று கேட்கும். அந்த நீலத் திரையைக் கண்டு ஏதோ கெட்டுவிட்டது என்று பதறி, 'தொடர்க' என்பதை அழுத்திவிடுகிறவர்களே அதிகம். அப்படிச் செய்தால் டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் இயங்காது. நிறுவியும் பயனில்லை என்ற முடிவுக்கு வந்து மறுபடியும் ஃபார்மட்டுக்குப் போகிறார்கள். 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வதுதான் அங்கே வேண்டியது.

ஃபார்மட் வெல்லும் இடங்களும் உண்டு. கணினியில் இழக்க ஒன்றுமில்லை, போட்டே இரண்டு நாள்தான் ஆகிறது, என்ன மாற்றினோம் என்ற நினைவும் இல்லை என்றால், நான் தயங்காமல் அதையே சொல்வேன். ஆனால் தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, அச்சுப்பொறியைச் சேர்த்து, உலாவியின் கடவுச்சொற்களையெல்லாம் பழக்கிய கணினியில், அரை மணி நேர நிறுவலுக்குப் பின்னால் இரண்டு நாள் சில்லறை வேலை காத்திருக்கிறது என்பதை எவரும் முன்கூட்டிக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

திரும்பிப் போவது

நேற்றுவரை இயங்கிய கணினி, புதுப்பித்தலுக்குப் பிறகு கறுப்புத் திரையோடு நின்றால், முதலில் முயல வேண்டியது டைம்ஷிஃப்ட்கூட அல்ல, பழைய கெர்னல்தான். கணினி எழும்போது எஸ்கேப் விசையை, பயாஸ் என்ற பழைய வகைத் தொடக்க நிரல் உள்ள கணினியாக இருந்தால் ஷிஃப்ட் விசையை, அழுத்தினால் க்ரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் முந்தைய கெர்னல் இருக்கும். தனியாக நிறுவிய கிராஃபிக்ஸ் டிரைவர் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி கட்டமைக்கப்படாமல் போவதே இத்தகைய கறுப்புத் திரைக்கு அடிக்கடி காரணமாகிறது. பழைய கெர்னலில் அதே டிரைவர் ஒழுங்காக இயங்கும். நான்கு வழிகளுக்குள் எதையும் அழிக்காத, எதையும் எழுதாத, இரண்டு நிமிடத்தில் முடிகிற வழி இது ஒன்றே. இதை ஏன் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அது பயன்படாதபோதுதான் டைம்ஷிஃப்ட். இது கணினியின் அமைப்புக் கோப்புகளைக் குறிப்பிட்ட நாளில் இருந்தபடியே எடுத்து வைக்கிறது. முதல் பிரதி ஏறத்தாழ முழு அமைப்பின் அளவுக்கு இடம் பிடிக்கும்; அடுத்தடுத்த பிரதிகளில் மாறிய கோப்புகள் மட்டுமே புதிதாக இடம் எடுக்கும், மாறாதவற்றுக்கு, ஏற்கெனவே உள்ள கோப்பையே சுட்டும் ஹார்டு லிங்க் மட்டும் போடப்படும். திரை வராத கணினியில் பென்டிரைவிலிருந்து இயங்கியபடியே டைம்ஷிஃப்ட்டைத் திறந்து பழைய நிலையை மீட்கலாம். மின்ட்டில் அது நிறுவப்பட்டே வருகிறது. ஆனால் வரவேற்புத் திரையில் அதை அமைக்கச் சொல்வதை மூடிவிட்டவருக்கு, சிக்கல் வரும் நாளில் திரும்பிப் போக ஒரு பிரதியும் இருக்காது. உபுண்டுவில் அதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஃபார்மட்டோடு ஒப்பிட்டால் டைம்ஷிஃப்ட் பல மடங்கு மேலானது என்பதே என் எண்ணம். இருந்தாலும் அதற்கு மூன்று குறைகள் உண்டு. உங்கள் ஆவணங்களும் படங்களும் இருக்கும் ஹோம் அடைவை அது இயல்பாகத் தொடாது. அது ஆவணங்களுக்கான காப்பு அன்று. அதே வட்டில் பிரதியை வைத்தால், வட்டு செத்துப்போகும் நாளில் பிரதியும் சேர்ந்து போகும். மூன்றாவது குறை கொஞ்சம் வேடிக்கையானது. 120 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினியில் நாள்தோறும் பிரதி எடுக்கும்படி அமைத்துவிட்டால், சில வாரங்களில் வட்டே நிரம்பிவிடக்கூடும். வட்டு முற்றிலும் நிரம்பிய லினக்ஸ் கணினியில் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் மறுபடியும் உள்நுழைவுத் திரைக்கே தள்ளப்படுவீர்கள். மருந்தே நோயாகும் இந்த நிலையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், 'டிஎஃப் -எச்' (df -h) என்ற கட்டளையால் இடம் எவ்வளவு மீதம் என்று பார்த்து, பழைய பிரதிகளை நீக்க வேண்டும். நாள் பிரதி இரண்டு, வாரப் பிரதி ஒன்று என்ற அளவு அந்தச் சிறிய வட்டுக்குப் போதும்.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. பணிப்பட்டை காணாமல் போவது, சாளரங்கள் விநோதமாக நடந்துகொள்வது போன்ற கோளாறுகள் பெரும்பாலும் ஹோம் அடைவில் உள்ள பயனர் அமைப்புகளில் பிறப்பவை. டைம்ஷிஃப்ட் அங்கே போவதில்லை என்பதால் அதனால் தீராது. ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன் (வட்டுப் பிரிவு) வைத்து, அதை அழிக்காமல் ஃபார்மட் போட்டாலும் பழுது அப்படியே கூட வந்துவிடும். புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பதிவுகளை வாசிப்பது

பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' (journalctl) என்ற கட்டளையைத் தட்டியதும் கொட்டும் வரிகளையும், அவற்றில் சிவப்பாக வரும் ஏசிபிஐ (மின் மேலாண்மை தொடர்பான) பிழைகளையும் கண்டு மிரண்டு ஓடியவர்களை நான் அறிவேன். அந்தச் சிவப்பு வரிகளில் பெரும்பாலானவை கணினி நலமாக இருக்கும் நாளிலும் வருபவையே. ஆகவே புதியவருக்கு இது மெதுவான வழி. ஆனால் முதல் நாளிலிருந்தே இருக்கும் சிக்கலுக்குத் திரும்பிப் போக இடமில்லை, ஃபார்மட்டும் உதவாது என்பதால், வாசிப்பதைத் தவிர வேறு போக்கில்லை. சில சமயம் வாசிக்க வேண்டியது திரையில் இருக்கும் மூன்று வரிகள் மட்டுமே.

கிராமங்களில் கோடை மழைக்கு முன் காற்றடித்ததும் மின்சாரம் போகும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி அப்படியே அணையும். லினக்ஸ் வட்டில் கோப்புகளை வைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு, மாற்றங்களைக் குறித்து வைக்கும் தன் ஜர்னலைக் கொண்டு பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். எப்போதாவது ஒரு முறை, 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லோடு கறுப்புத் திரை நின்று, எந்தப் பார்ட்டிஷனில், கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையைக் கையால் இயக்க வேண்டும் என்று பெயரோடு சொல்லும். அந்தப் பெயரைச் சேர்த்து அந்தக் கட்டளையை இயக்கி, முடிந்ததும் 'எக்ஸிட்' என்று தட்டினால் கணினி வழக்கம்போல் எழுந்துவிடும். மாங்காய் மண்டிக் கணக்கு முழுவதும் இருந்த ஒரு கணினியை, காவேரிப்பட்டணத்தில் இந்த ஒரு திரைக்காக ஃபார்மட் போட்டுவிட்டார்கள் என்று கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் சொல்லி மாளாது. புதுப்பித்தலுக்கு நடுவே மின்சாரம் போயிருந்தாலும் இதே கதைதான்: மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் 'டிபிகேஜி' (dpkg) கட்டளையை இயக்கச் சொல்லி, எப்படித் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதையும் பிழைச் செய்தியே சொல்லிவிடும்.

ஆனால் மின்சாரம் போகாமலே அந்தத் திரை மீண்டும் மீண்டும் வந்தால், அதுவும் மின்கலம் உள்ள மடிக்கணினியில் வந்தால், வட்டையே சந்தேகிக்க வேண்டும். அப்போது எஃப்எஸ்சிகே, டைம்ஷிஃப்ட், ஃபார்மட் எதையும் தொடாமல், பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி முதலில் ஆவணங்களை வெளிவட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும்; அதன் பிறகே 'டிஸ்க்ஸ்' செயலியில், வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்கலாம்.

ஒட்டிய கட்டளை

இது நான்கிலும் வேகமானது. நான்கிலும் ஆபத்தானதும் இதுவே. பத்தாண்டுக்கு முன் வந்த உபுண்டுவுக்கு எழுதப்பட்ட தீர்வு இன்றைய பதிப்பில் வேறொன்றை உடைக்கலாம். உரையாடலிகள் சில சமயம் இல்லாத மென்பொருள் தொகுப்பின் பெயரை இருப்பதுபோலவே சொல்கின்றன. இன்னொரு நிரல் தொகுப்புகளை நிறுவிக்கொண்டிருப்பதால் 'லாக் (பூட்டு) கிடைக்கவில்லை' என்ற செய்தி வரும்போது, பத்து நிமிடம் பொறுத்திருந்தாலே போதுமாயிருக்க, பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் கட்டளைதான் தேடியவுடன் கண்ணில் படுகிறது. ஒரு கட்டளையை ஒட்டும் முன் நான் கேட்கும் கேள்வி, இதைச் செய்தபின் பழையபடி ஆக்குவது எப்படி என்பதுதான். விடை இல்லாவிட்டால் ஒட்டுவதில்லை.

விடை உள்ள இடத்தில் இந்த வழியை மிஞ்ச ஆளில்லை. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகுவது அனைவரும் அறிந்த தொல்லை. வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸும், உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸும் எடுத்துக்கொள்வதே காரணம். 'டைம்டேட்சிடிஎல்' (timedatectl) கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' (set-local-rtc) என்பதோடு 1 கொடுத்தால் தீரும். 0 கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். இதற்குப் போய்ப் பதிவுகளை வாசிப்பது வீண் வேலை.

அதே இரட்டை அமைப்பில், விண்டோஸ் வட்டைத் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் நான்கு வழிகளுமே தோற்கும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி அணைக்கும்போது வட்டை முழுமையாக விடுவிப்பதில்லை என்பதால், விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு வர வேண்டும். லினக்ஸ் பக்கத்திலிருந்து வலிந்து எழுதவைப்பது பாதுகாப்பான வழி அல்ல.

எந்த வழியை எடுத்தாலும் பென்டிரைவ் தேவைப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டிலிருக்கும் ஒரே கணினியும் படுத்துவிட்ட பிறகு அதை எப்படித் தயாரிப்பது என்று அரூரிலிருந்து ஒருவர் கேட்டார். கைப்பேசியில் பென்டிரைவைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பானும் எட்ச்ட்ராய்ட் என்ற இலவசச் செயலியும் இருந்தால் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே தயாரித்துவிடலாம். ஏறத்தாழ 3 ஜிபி உள்ள மின்ட் கோப்பைப் பதிவிறக்க நேரம் பிடிக்கும் என்பதால், கைப்பேசியை முழுவதும் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள் என்றேன்.