அஸ்லோவா, எஸ்.ஐ.எல்.லா, ஏ.ஜி.யூ.வா? எந்தச் சங்கத்தில் சேரலாம்?

ஏரி, ஆறு, கடல் ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி எழும்: ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் ஆண்டுச் சந்தா கட்ட முடியும் என்றால் எதற்குக் கட்டுவது? நான் சேர்ந்தது ஏரியியலுக்கும் கடலியலுக்கும் பொதுவான சங்கமான அஸ்லோவில். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்து நீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவு எப்படி மாறுகிறது என்பதே என் ஆய்வு. என் சாய்வுக்குக் காரணமும் அதுதான்.

சந்தாத் தொகை அடிக்கடி மாறும். மூன்றிலும் மாணவர்களுக்குச் சலுகை கிடைக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஏ.ஜி.யூ. என்ற அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 1919-இல் தொடங்கியது. நிலநடுக்கம் முதல் விண்வெளி வரை எல்லாம் அங்கே உண்டு. அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். கடல் நீரோட்டம், பருவநிலை மாதிரிகள் என்று வேலை செய்பவர்களுக்கு நல்ல இடம். ஏரிக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் தங்கள் ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சர்வதேச ஏரியியல் சங்கமான எஸ்.ஐ.எல். நேர் எதிர். தீனமன், நௌமன் என்ற ஏரியியலாளர்கள் 1922-இல் ஜெர்மனியின் கீல் நகரில் தொடங்கிய இந்தச் சங்கம் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு மட்டுமே உரியது. அதன் மாநாட்டுக்கு நான் போனதில்லை. ‘இன்லேண்ட் வாட்டர்ஸ்’ இதழ் வழியாகத்தான் பழக்கம். குளமும் நீர்த்தேக்கமுமே உங்கள் வேலை என்றால் யோசிக்காமல் இதில் சேரலாம் என்பது அந்த இதழைப் படித்து எனக்கு வந்த எண்ணம்.

அஸ்லோவின் வேர் 1936-இல் உருவான அமெரிக்க ஏரியியல் சங்கம். 1948-இல் அது பசிபிக் கடலியலாளர்களின் சங்கத்தோடு இணைந்தது. 1956-இல் ‘லிம்னாலஜி அண்ட் ஓஷனோகிராஃபி’ இதழ் வந்தது. ஏரிக்காரர்களும் கடல்காரர்களும் ஒன்றான அந்த இணைப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏன் என்று பார்க்க, கனடாவில் சோதனைக்குப் பயன்பட்ட 226-ஆம் எண் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் ஏரியியலாளர் ஷிண்ட்லரின் குழுவினர் அதைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. ஏரிக்காரர்களுக்கு அன்றிலிருந்து பாஸ்பரஸ்தான் குற்றவாளி. ஆனால் அதற்குச் சற்று முன்பு, 1971-இல், நியூயார்க் கடலோர நீரை ஆராய்ந்த ரைதரும் டன்ஸ்டனும் அங்கே பாசி வளர்ச்சிக்குக் கடிவாளம் நைட்ரஜனே என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் அந்தந்த நீருக்குச் சரி. கழிமுகத்தில் இரண்டும் சந்திக்கின்றன: மேலே நன்னீரில் ஒரு விதி, கீழே உப்பேறிய நீரில் இன்னொரு விதி, நடுவில் பருவத்துக்குப் பருவம் மாறும் எல்லை. ஊர்க் கழிவுநீரிலிருந்து எதைப் பிரித்தெடுக்கச் செலவு செய்வது என்ற கேள்விக்கு, ஒரு பக்கத்தாரை மட்டும் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. இரு தரப்பாரும் ஒரே அமர்வில் உட்கார்ந்து பேசுவதை நான் அஸ்லோவில்தான் கண்டேன்.

கருவிகளும் அப்படித்தான். ஏரியின் தெளிவை அளக்க, எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்து இன்று எல்லோரும் இறக்கும் செக்கி வட்டு, 1865-இல் மத்தியதரைக் கடலில் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து சோதிக்கப்பட்டது.

அஸ்லோவிலும் குறை உண்டு. கூட்டங்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கின்றன. 2012-இல் ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் நடந்தது போன்றவை அரிது. நம் பக்கத்திலிருந்து போவோருக்கு விமானச் செலவும் விசாவும் பெரிய தடை. பயண உதவி கிடைக்காவிட்டால் சந்தாவின் பயன் பாதியாகிவிடும்.

ஏ.ஜி.யூ.வை விட்டால் கடல்காரர்களின் தொடர்பு போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கடல் அறிவியல் மாநாட்டை ஏ.ஜி.யூ.வும் அஸ்லோவும் ஓஷனோகிராஃபி சொசைட்டியும் சேர்ந்தே நடத்துகின்றன. அந்தக் கவலை வேண்டாம்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், அஸ்லோவின் ‘லிம்னாலஜி அண்ட் ஓஷனோகிராஃபி லெட்டர்ஸ்’ இதழை முதலில் படித்துப் பாருங்கள். அதைப் படிக்கக் கட்டணம் இல்லை.